வெயிட் தூக்கினால் ரத்தக் குழாய் இறுகுமா? தூக்குகிற முறையைப் பார்க்க வேண்டும்

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கும் 41 வயதுத் தம்பி ஒருவர் கேட்டது இது. எட்டு மாதமாக ஜிம் போகிறார், பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துக் கம்பியை மேலே தள்ளுவது) 80 கிலோ வரை வந்துவிட்டார். போன மாதம் பிரஷர் பார்த்தால் 142/90. சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிற பெரியவர் ஒருவர், "வெயிட் தூக்குனா ரத்தக் குழாய் இறுகிப் போயிரும், பேசாம நடங்க" என்கிறாராம். ஜிம் மாஸ்டரோ, "வெயிட்டைக் குறைச்சா இத்தனை மாசம் ஏத்துன பலம் எல்லாம் போயிரும்" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது, அப்புறம் ஊர்ப் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கலாமா, இதுதான் கேள்வி.

தம்பி, பெரியவர் சொன்னது வெறும் பயமுறுத்தல் கிடையாது, அதற்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. மாஸ்டர் சொன்னதிலும் பாதி சரி. ஆனால் ரெண்டு பேருமே எத்தனை கிலோ என்பதை மட்டும் பார்க்கிறார்கள். மூச்சை எப்படி விடுகிறீர்கள், ஒரு செட்டை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள், எடையை இறக்கும்போது எப்படி இறக்குகிறீர்கள், தூக்கி முடித்ததும் உட்கார்ந்துவிடுகிறீர்களா நடக்கிறீர்களா, இதெல்லாம் சேர்ந்துதான் ரத்தக் குழாய்க்கு நல்லதா கெட்டதா என்று முடிவாகிறது. நான் பிசியோதெரபி வேலையில் பல வருஷமாக இதய நோயாளிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன். உங்கள் வயதுக்கும் உங்கள் பிரஷருக்கும் ஜிம்மை நிறுத்தச் சொல்ல மாட்டேன், இப்போது தூக்குகிற முறையை மட்டும் மாற்றச் சொல்வேன்.

முதலில் "இறுகுவது" என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். கொழுப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்வது வேறு, குழாயின் சுவர் நெகிழ்வை இழப்பது வேறு. நாம் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. அது இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாயான மகாதமனியில் வந்து விழும்போது குழாய் கொஞ்சம் விரிந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறது, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் மறுபடி சுருங்கி ரத்தத்தை முன்னால் அனுப்புகிறது. தோட்டத்து மோட்டாரில் ரப்பர் ஹோஸ் மாட்டினால் மோட்டார் உதைக்கிற உதையை ஹோஸ் வாங்கிக்கொள்ளும், அதே இடத்தில் பிவிசி பைப் மாட்டினால் ஒவ்வொரு உதையும் கடைசி மூட்டு வரைக்கும் போய் அதிரும். மகாதமனி விறைத்துப்போனால் அந்த அதிர்ச்சி மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற நுண்ணிய குழாய்கள் வரை போகிறது, மேல் பிரஷர் (142/90 என்பதில் முதல் எண்) ஏறுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் சுமையோடு வேலை செய்கிறது. குழாய்க்கு நெகிழ்வு தருகிற எலாஸ்டின் என்ற புரதம் பெரும்பாலும் சின்ன வயதிலேயே உருவாகிவிடுகிறது, பிறகு புதிதாக உருவாவது மிகக் குறைவு. வயது ஏற ஏற அது நைந்து, அந்த இடத்தை விறைப்பான கொலாஜன் பிடித்துக்கொள்கிறது. நாடி அலை கழுத்திலிருந்து தொடை வரை எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்து இதை அளக்கிறார்கள். இளவட்டத்தில் நொடிக்கு 6 மீட்டர் வாக்கில் இருக்கும், 10 மீட்டரைத் தாண்டினால் குழாய் கெட்டிப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது பெரியவர் பக்கம் இருக்கிற ஆதாரம். 2004-இல் ஜப்பானைச் சேர்ந்த மியாச்சி குழுவினர் 20 முதல் 38 வயது வரையுள்ள ஆரோக்கியமான ஆண்கள் 28 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரை நான்கு மாதம் கடுமையாக எடை தூக்க வைத்தார்கள். கழுத்துத் தமனியின் நெகிழ்வு 19 சதவீதம் குறைந்துபோனது. கையில் பார்த்த பிரஷரில் மாற்றமே இல்லை, அதாவது வழக்கமான பிரஷர் மிஷினை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஆய்வின் அடுத்த பாதியை ஏனோ யாரும் சொல்வதில்லை: பயிற்சியை நிறுத்திய நான்கு மாதத்தில் நெகிழ்வு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. கல்லாக இறுகிப்போன குழாய் அப்படித் திரும்பாது. எலாஸ்டின் நைந்துபோயிருந்தால் நான்கு மாதத்தில் எப்படிச் சரியாகும்? சுவரில் இருக்கிற தசையின் இறுக்கம் கூடிக் குறைந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

எல்லா ஆய்வும் அதே மாதிரி வரவும் இல்லை. அடுத்த வருஷமே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை 12 வாரம் தூக்க வைத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. பிறகு 2013-இல் மியாச்சியே பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினார். இளைஞர்கள் கடுமையான எடை தூக்கினால் விறைப்பு 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடுகிறது, மிதமான எடையில் கூடவில்லை, நடுத்தர வயதினரிடமும் அந்த ஏற்றம் தெளிவாகத் தெரியவில்லை. ஆக "வெயிட் தூக்கினாலே இறுகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

உங்களுக்கு நேராகப் பொருந்துகிற ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. பிரஷர் லேசாக ஏறியிருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை நடை, சைக்கிள் மாதிரியான பயிற்சியிலும் மற்றவர்களை எடைப் பயிற்சியிலும் நான்கு வாரம் வைத்தார்கள். பிரஷர் ரெண்டு பேருக்கும் இறங்கியது. ஆனால் எடை தூக்கியவர்களுக்குப் பெரிய குழாயின் விறைப்பு கூடியது, நடந்தவர்களுக்குக் குறைந்தது. பிரஷர் இறங்கிவிட்டது என்பதற்காகக் குழாயும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, எடை தூக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? அடுத்த தடவை ஜிம்மில் பெஞ்சில் படுத்திருக்கிற ஒருவருடைய கடைசி ரெப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வில்லாமல் போடுகிற பல ரெப் சேர்ந்தது ஒரு செட்). முதல் ஐந்தாறு ரெப் வரைக்கும் முகம் சாதாரணமாக இருக்கும். ஏழாவதில் கம்பி பாதி வழியில் தயங்கும், வாய் மூடிக்கொள்ளும், தாடை இறுகும். எட்டாவதில் கழுத்து நரம்பு புடைத்து, காது மடல் வரை சிவந்து, கால் தரையை உதைக்கும், பக்கத்தில் நிற்பவர் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கத்துவார். அந்த மூன்று நான்கு நொடியில் அவர் மூச்சை அடைத்து வயிற்றையும் நெஞ்சையும் முக்கிக்கொண்டிருக்கிறார். நெஞ்சுக்குள் ஏறுகிற அழுத்தம் அப்படியே ரத்தத்தில் ஏறுகிறது. சுருங்கி நிற்கிற தசை தனக்குள் ஓடுகிற சின்னக் குழாய்களையும் நசுக்குகிறது, இதயம் அந்த அடைப்பை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. 1985-இல் மெக்டூகல் என்பவரும் அவரது குழுவினரும் உடல்கட்டு வீரர்கள் ஐந்து பேரின் கைத்தமனிக்குள்ளேயே குழாய் செருகி, தூக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தம் பார்த்தார்கள். ரெண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. ஆஸ்பத்திரியில் 180 வந்தாலே எல்லோரும் ஓடி வருவார்கள், நினைத்துப் பாருங்கள்.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம், அந்த ஏற்றம் சில நொடிதான், கம்பியை வைத்ததும் சட்டென்று இறங்கிவிடும். மூச்சை அடைத்து முக்குவதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது, முதுகெலும்பு அதனால்தான் அந்த எடையைத் தாங்குகிறது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இருபது செட், ஒவ்வொரு செட்டும் கம்பி மேலே போகாமல் நிற்கிற வரைக்கும் என்று வருஷக் கணக்கில் போனால், அந்தக் குழாய்ச் சுவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறுகக்கூடும்.

மூச்சைப் பற்றி இன்னொரு விஷயம். "மூச்சை அடக்காதே" என்று எல்லா மாஸ்டரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் உங்களால் ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடை 100 கிலோ என்றால், 80, 85-ஐத் தாண்டியதும் எவ்வளவு முயன்றாலும் மூச்சு தானாக அடைபடும். உடம்பு அப்படித்தான் செய்யும். எடை குறைவாக இருந்தாலும், இனி முடியாது என்கிற கட்டம் வரை செட்டை இழுத்தால் கடைசி ரெப்களில் அதே கதைதான். சொல்லப்போனால் ஒரே தடவை உச்ச எடையைத் தூக்குவதைவிட, கொஞ்சம் குறைந்த எடையைச் சாகிற மாதிரி பத்து தடவை தூக்கி முடிக்கும்போது பிரஷர் அதிகமாக ஏறுகிறது. "நான் லைட் வெயிட்தான் அண்ணே" என்று சொல்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது மாஸ்டருடைய பயம். வெயிட்டைக் குறைத்தால் பலம் போய்விடுமா? பலம் என்பது ரெண்டு வழியில் வருகிறது. தசை பருமனாவது ஒன்று, மூளையும் நரம்பும் அந்தத் தசையை ஒரே நேரத்தில் முழுசாக வேலை வாங்கப் பழகுவது இன்னொன்று. தசையைப் பெருக்க எடை லேசாக இருந்தாலும் போதும், கொஞ்சம் கஷ்டப்படுகிற அளவுக்கு ரெப் போனால் சரி, இதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் ஒரே தடவையில் அதிக எடையைத் தூக்குகிற திறமை வேண்டுமென்றால் கனமான எடையில்தான் பழக வேண்டும், அந்த அளவில் மாஸ்டர் சொல்வது உண்மை. அவர் விட்டுவிடுகிற இடம் வேறு: ஒவ்வொரு செட்டையும் முடியாத கட்டம் வரை தள்ளியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்னும் ரெண்டு ரெப் போட முடியும் என்கிற நிலையில் கம்பியை வைத்துவிட்டாலும் பலம் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏறுகிறது. உச்ச எடையில் 65, 70 சதவீதத்தில் ஆறேழு ரெப், ரெண்டு ரெப் மிச்சம் வைத்து, நடுவில் ரெண்டு மூன்று நிமிஷம் ஓய்வு. இதில் 41 வயதுக்காரருக்குக் கிடைக்காத பலம் என்று எதுவும் இல்லை, நீங்கள் மாநிலப் போட்டிக்குப் போகிறவர் இல்லையே. எல்லா ஜிம்மிலும் வேதம் மாதிரி ஓதுகிற "மூணு செட் பத்து ரெப்" கணக்குகூட 1940-களில் தாமஸ் டிலார்ம் என்கிற அமெரிக்க ராணுவ டாக்டர் காயம்பட்ட சிப்பாய்களின் காலைத் தேற்றுவதற்கு உண்டாக்கிய முறையிலிருந்து வந்ததுதான். அது நோயாளிகளை எழுப்பி நடக்கவைக்க வந்த முறை.

எடையை இறக்குகிற விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நம் ஜிம்களில் பெரும்பாலோர் தூக்குவதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள், தூக்கியதும் கம்பியைத் தொப்பென்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி இறக்கும்போது, தூக்குவதைவிட அதிக எடையைத் தாங்குகிறது, அதற்குச் செலவாகும் ஆக்சிஜனும் குறைவு, பிரஷரும் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஒகமோட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2006-இல் தூக்குவதை மட்டும் செய்கிறவர்கள், இறக்குவதை மட்டும் செய்கிறவர்கள் என்று பிரித்துப் பார்த்தார். தூக்கியவர்களுக்குக் குழாய் விறைத்தது, இறக்கியவர்களுக்கு விறைக்கவில்லை. ஆகவே மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள், மூச்சை இழுத்துக்கொண்டே மூன்று நொடி எண்ணி இறக்குங்கள். முதல் வாரம் தசை நன்றாக வலிக்கும், இறக்குகிற பயிற்சிக்கு அந்தக் குணம் உண்டு, அதனால் பழகுகிற வரைக்கும் எடையைக் கால்வாசி குறைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஒகமோட்டோ 2009-இல் இன்னொன்றையும் காட்டினார். கை, தோள், நெஞ்சுக்கு மட்டும் கடுமையாகச் செய்தவர்களுக்கு விறைப்பு கூடியது, காலுக்கு மட்டும் செய்தவர்களுக்குக் கூடவில்லை. நம்ம ஊர் ஜிம்களில் திங்கள் நெஞ்சு, செவ்வாய் தோள், புதன் கை, வியாழன் மறுபடி நெஞ்சு, கால் என்பது கண்ணாடியில் தெரியாத சமாச்சாரம் என்று ஓடுகிற பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. நீங்களும் பெஞ்ச் பிரஸ் கணக்கு மட்டும்தான் சொன்னீர்கள், ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுகிற கால் பயிற்சி) பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதைவிட முக்கியமானது வரிசை. அதே ஆய்வாளர்களின் 2007 ஆய்வில் ஒரு பகுதியினர் முதலில் ஓடிவிட்டுப் பிறகு எடை தூக்கினார்கள், இன்னொரு பகுதியினர் முதலில் தூக்கிவிட்டுப் பிறகு ஓடினார்கள், வாரம் ரெண்டு நாள், எட்டு வாரம். எடை உச்ச அளவில் 80 சதவீதம், அதாவது கடுமையானதுதான். ஓடிவிட்டுத் தூக்கியவர்களுக்கு விறைப்பில் மாற்றம் இல்லை. தூக்கிவிட்டு ஓடியவர்களுக்கு விறைப்பு குறைந்தது! மியாச்சியோடு வேலை பார்த்த கவானோ 2006-இல் காட்டியதும் இதையொட்டியதுதான்: எடை தூக்கி முடித்ததும் 30 நிமிஷம் மிதமாக சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கழுத்துத் தமனியின் நெகிழ்வு போகவில்லை. காரணம் ஓரளவு புரிகிறது. சீராக நடக்கும்போது ரத்தம் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது, அந்த உரசலில் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது, அது சுவரின் தசையைத் தளர்த்துகிறது. எடை தூக்கும்போது ஏறிய இறுக்கம் அப்போதே அவிழ்கிறது. ஆகவே நடையை விட்டுவிட்டு ஜிம்முக்குப் போவதும், ஜிம்மை விட்டுவிட்டு நடப்பதும் ரெண்டுமே உங்களுக்குக் குறைதான். முதலில் ஜிம், முடித்த கையோடு தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், ரெண்டு மூன்று சுற்று போதும், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. உங்கள் கடை வாசலிலேயே பார்த்திருப்பீர்கள், லாரியில் இருந்து 50 கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக் குடோனுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அந்த நடையிலேயே அடுத்த மூட்டைக்கு வருகிற லோடுமேன்கள். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலை முழுக்க இதுதான் நடக்கிறது. "அவங்க தூக்காத வெயிட்டா, அவங்களுக்கு எதுக்கு ஜிம்மு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: ஓய்வு நேரத்தில் செய்கிற உடற்பயிற்சி இதய நோயைக் குறைக்கிறது, வேலையில் படுகிற கடும் உடல் உழைப்போடு இதய நோய் கூடுகிறது. ஜிம்மில் ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே ரெண்டு நிமிஷம் இருக்கிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் கம்பியை வைத்துவிடலாம். லோடுமேனுக்கு இது எதுவும் இல்லை, பிரஷர் மணிக்கணக்கில் ஏறியே நிற்கிறது. உங்கள் கடையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு நடுவில் உட்கார நேரமும், குடிக்கத் தண்ணீரும், மாதம் ஒரு தடவை பிரஷர் பார்க்க ஏற்பாடும் செய்து கொடுங்கள். முதலாளியாக உங்கள் கையில் இருக்கிற விஷயம் இது.

இளவட்டக்கல் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தூக்குகிற விதத்தை யோசித்துப் பாருங்கள். குத்தவைத்து உட்கார்ந்து, பிடிமானம் இல்லாத வழுவழுப்பான உருண்டைக் கல்லை மாரோடு அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட வேண்டும். சில ஊர்களில் கல் நூறு கிலோவைத் தாண்டும். முழு நேரமும் மூச்சு அடைபட்டிருக்கும், கல்லே நெஞ்சை நசுக்கிக்கொண்டிருக்கும், சுற்றி நின்று ஊரே குலவையும் விசிலும் போடும்போது பாதியில் போட மனசு வராது. பல மாதம் அதற்கென்றே பழகிய இருபது, இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது வேறு. 142/90 வைத்துக்கொண்டு, வருஷத்தில் ஒரே நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவது வேண்டாம். இந்த வருஷம் பக்கத்தில் நின்று தூக்குகிற பையன்களுக்குக் கை கொடுங்கள், பிரஷர் அடங்கி ஒரு வருஷம் முறையாகப் பழகிய பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டு யோசிக்கலாம்.

நம்முடைய பழைய தேகப்பயிற்சியில் குழாய்க்கு இதமான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. தண்டால், பஸ்கி ரெண்டும் உடம்பு எடையை வைத்தே, நிற்காத தாளத்தில், மூச்சோடு சேர்த்துச் செய்கிறவை. கர்லாக்கட்டை சுற்றும்போது வாத்தியார் மூச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், சத்தம் நின்றால் கட்டையை இறக்கச் சொல்வார். இதில் உச்ச பலம் வராது என்பது உண்மை, ஆனால் எடைப் பயிற்சி இல்லாத நாளுக்கு அருமையான துணை.

இன்னும் ஒரு முறை இருக்கிறது, பிரஷருக்கு இதுதான் இப்போது முன்னால் நிற்கிறது: அசையாமல் தசையை இறுக்கி நிற்கிற பயிற்சி. 2023-இல் 270 ஆய்வுகளைச் சேர்த்து ஒப்பிட்டதில் நடை, ஓட்டம் மாதிரியான பயிற்சியால் மேல் பிரஷர் சராசரியாக 4.5 அளவுக்கும், எடைப் பயிற்சியால் ஏறக்குறைய அதே அளவுக்கும், ரெண்டையும் சேர்த்துச் செய்தால் 6 அளவுக்கும், அசையாப் பயிற்சியால் 8 அளவுக்கும் இறங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்காருவது அதில் முதலிடம். முதுகைச் சுவரில் ஒட்டி, கால் ரெண்டையும் ஒன்றரை அடி முன்னால் வைத்து, நாற்காலியில் உட்காருவது போல மெதுவாகச் சறுக்கி இறங்குங்கள். ரெண்டு நிமிஷம் தாக்குப்பிடிக்கிற உயரத்தில் நிறுத்துங்கள், எடுத்த எடுப்பில் தொடை தரைக்கு இணையாக வர வேண்டியதில்லை. முப்பதாவது நொடியில் தொடை சூடாகும், ஒரு நிமிஷத்தில் நடுங்க ஆரம்பிக்கும், அங்கேதான் மூச்சை அடைக்கத் தோன்றும். வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணுகிறவனால் மூச்சை அடைக்க முடியாது. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தால் ரெண்டு நிமிஷம் ஓய்வு, இப்படி நாலு தடவை, வாரம் மூன்று நாள். கடையைச் சாத்திவிட்டுக் குடோன் சுவரிலேயே செய்யலாம், காசு செலவில்லை. நிற்கிற நேரத்தில் பிரஷர் ஏறத்தான் செய்யும், விட்டதும் தசைக்குள் பாய்கிற ரத்தமும், வாரக்கணக்கில் நரம்பு மண்டலம் அடங்கிப் பழகுவதும்தான் அதன் பலன் என்று கருதுகிறார்கள்.

நடந்தால் மட்டும் போதும் என்கிற பெரியவருக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி பலத்தை அளந்து பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வந்தது. பிடியில் 5 கிலோ பலம் குறையக் குறைய இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் கூடியிருந்தது, மேல் பிரஷரைவிடப் பிடி பலம்தான் ஆயுளைத் துல்லியமாகக் காட்டியது. பிடியை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் தசையைக் கரையவிட்டுவிட்டு இதயத்தை மட்டும் காப்பாற்ற முடியாது. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிஷ நடையோடு ரெண்டு நாள் தசைப் பயிற்சியும் சேர்த்துத்தான் சொல்கிறது. வாரம் முப்பது முதல் அறுபது நிமிஷ எடைப் பயிற்சியில்தான் அதிக நன்மை தெரிகிறது, அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போவதால் ஆயுளுக்குக் கூடுதல் லாபம் எதுவும் தென்படவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வாரம் ரெண்டு நாள் ஜிம், நடுவில் ரெண்டு மூன்று நாள் இடைவெளி. காலில் ஆரம்பியுங்கள்: ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், அப்புறம் முதுகுக்கு ரோயிங், அதன் பிறகு பெஞ்ச் பிரஸ், கடைசியில் தோளுக்கு ஏதாவது ஒன்று. ஒவ்வொன்றிலும் ரெண்டு மூன்று செட் போதும். பெஞ்சில் 80-ஐ 55-க்கு இறக்கி எட்டு ரெப், பத்தாவது போட முடியும் என்று தோன்றும்போதே வைத்துவிடுங்கள். ரெண்டு மாதம் அதே முறையில் போய், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ஒவ்வொரு தடவையும் முடித்ததும் நடை. சுவர்ப் பயிற்சி ஜிம் இல்லாத நாட்களில். மாஸ்டரிடம் இதைச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார், மூன்று மாதம் கழித்துப் பலத்தை அளந்து காட்டுங்கள், அவரே ஒத்துக்கொள்வார்.

ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை என்று நீட்டினால் தொடவே தொடாதீர்கள். ஸ்டீராய்டு நல்ல கொழுப்பைத் தரைமட்டமாக்கும், பிரஷரை ஏற்றும், இதயத் தசையைத் தடிக்க வைக்கும், அதற்கு முன்னால் மேலே சொன்ன எந்த முறையும் எடுபடாது. பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற பொடிகளிலும் காஃபின் அள்ளிப் போட்டிருப்பார்கள், பிரஷர் உள்ளவருக்கு அது தேவையில்லாத ஆபத்து.

ஒரே ஒரு தடவை பார்த்த 142/90-ஐ வைத்துப் பிரஷர் நோய் என்று முடிவு கட்டவும் வேண்டாம், அசட்டையாக விடவும் வேண்டாம். வீட்டில் ஒரு மிஷின் வாங்கி, ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையில் ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை, ஏழு நாள் எழுதுங்கள். காபி, பீடி சிகரெட், உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் பார்க்காதீர்கள். வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். 160/100-ஐத் தாண்டினால் முதலில் மருந்தால் அடக்கிவிட்டுப் பிறகு எடை, 180/110 என்றால் கம்பியைத் தொடக்கூடாது. நீர் பிரிக்கிற மாத்திரை கொடுத்திருந்தால் சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெஞ்சிலிருந்து சட்டென்று எழுந்திருக்காதீர்கள், தலை சுற்றும். வீட்டில் யாராவது மகாதமனி வீங்கியோ கிழிந்தோ இறந்திருந்தால், அல்லது சின்ன வயதிலேயே திடீரென்று போயிருந்தால், எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் கனமான எடைக்குப் போகாதீர்கள். தூக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, முதுகைக் கிழிக்கிற மாதிரி வலி, இதுவரை வராத மாதிரி ஒரு தலைவலி, கண் இருட்டுவது, இதில் எது வந்தாலும் செட்டை முடிக்கிற யோசனையே வேண்டாம். கம்பியை வைத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள், அந்த நிலைமையில் நீங்களே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.